அற்பமென்று விடப்பட்ட தலைப்பட்டி: மூடிய ஹெட்போன் வந்த வழி

ஹெட்போன் வாங்குவதற்கென்று கடையேறும் ஒருவருக்கு விற்பனையாளர் எடுத்துரைக்கும் பெருமைகள் பலவாகும். அடித்தொனி அதிரும் என்பார். வயர் தேவையில்லை என்பார். வெளிச்சத்தத்தை விழுங்கிவிடும் என்பார். ஆனால் இதனைத் தலையில் மாட்டிக்கொண்டு மூன்று மணிநேரம் வேலை செய்ய முடியுமா, காது வலிக்காதா, உச்சந்தலை நோகாதா என்ற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருப்பதில்லை. பெட்டியின் மீதும் அது அச்சிடப்பட்டிருப்பதில்லை. அளவான பணத்தோடு போனவர், பெட்டியில் அச்சிடப்பட்டவற்றுக்கே பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

இந்தக் கருவியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். இன்று கடைகளில் எவரும் பேசாத அந்தக் கேள்விதான் ஹெட்போனின் வரலாற்றில் முதலில் எழுந்த கேள்வியாகும். ஹெட்போன் இசை ரசிகர்களுக்காகப் பிறந்ததன்று. அதனை நாள் முழுவதும் தலையில் சுமந்து பிழைப்பு நடத்திய தொலைபேசி இயக்குநர்களுக்காகவும் கப்பல்களின் தந்தியாளர்களுக்காகவும் பிறந்தது. அவர்களுக்கு அது அலங்காரப் பொருளல்ல, தொழிற்கருவி. தொழிற்கருவியாக அது எவ்வாறு செப்பனிடப்பட்டு வந்தது என்பதை அறிந்தவர், குறைந்த பணத்தில் நல்லதைத் தெரிவு செய்வதற்கு வேண்டியவற்றில் பாதியை அறிந்தவராகிறார்.

இங்கு நாம் பேசப்போவது மூடிய வகையைப் பற்றியதாகும். ஹெட்போனில் ஒலியை எழுப்பும் மெல்லிய தகடு ஒரு கிண்ணத்தினுள்ளே அமைந்திருக்கும். அக்கிண்ணத்தின் பின்புறம் வலைபோன்று துளைகளுடன் இருக்குமாயின் அது திறந்த வகை. ஒலி இயல்பாகக் கேட்கும். ஆனால் உள்ளே ஒலிப்பது வெளியே கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். பின்புறம் முற்றாக அடைக்கப்பட்டிருப்பது மூடிய வகை. சத்தம் நிறைந்த வீட்டிலும் அலுவலகத்திலும் பிறருக்குத் தொல்லையின்றிக் கேட்பதற்கு இதுவே பொருத்தமானது.

தோளில் சுமந்த காலம்

அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876ஆம் ஆண்டிலாகும். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வர்த்தக ரீதியிலான முதலாவது தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. அழைப்பவரையும் அழைக்கப்படுபவரையும் கையால் இணைத்துவிட வேண்டிய காலம் அது. அவ்வேலையைச் செய்த இயக்குநருக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. காதில் பிடித்துக்கொண்டிருக்கும் கருவி ஒரு கையைக் களவாடிக்கொண்டது. ஆகவே கருவியை உடலோடு பொருத்திவிடும் யோசனை பிறந்தது.

1880களில் எஸ்ரா கிலிலண்ட் என்பவர் அமைத்த கருவி, ஒரு காதுக்கு மட்டுமே உரிய கேட்கும் பகுதியையும் வாயருகே நிற்கும் ஒலிவாங்கியையும் கொண்டிருந்தது. அதன் பாரத்தைத் தோள் தாங்க வேண்டியிருந்தது. நிறை 10 இறாத்தலுக்கும் மேல். இன்றைய அளவில் சொல்வதானால் நான்கரைக் கிலோகிராம். அரிசிப் பையொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வேலை செய்வதற்கு ஒப்பானது இது.

இதற்கு நேரெதிரான திசையில் சிந்தித்தவர் பிரெஞ்சுப் பொறியியலாளரான எர்னஸ்ட் மெர்காதியே. 1891ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற இரட்டைக் கேட்பொறி, காதுத் துவாரத்தினுள்ளே பொருந்துமளவுக்குச் சிறியது. அதன் நிறை ஒன்றே முக்கால் அவுன்சிலும், அதாவது 50 கிராமிலும், குறைந்தது. அதன் முனைகளுக்கு அவர் இறப்பர் உறையிட்டார். அதற்கு அவர் கூறிய காரணங்கள் இரண்டு. ஒன்று, காதில் உராய்ந்து நோவு உண்டாகாமல் தடுத்தல். மற்றையது, வெளிச்சத்தம் உட்புகாதவாறு காதை அடைத்தல். இன்று நாம் மூடிய ஹெட்போனிடம் எதிர்பார்க்கும் இரு குணங்களும், சொகுசும் சத்தத் தடுப்பும், 130 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரே இடத்தில் எழுதப்பட்டுவிட்டன என்பது கவனிக்கத்தக்கது.

இதே காலப்பகுதியில் இலண்டனில் வசதி படைத்தோர் ஹெட்போனை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினர். 1895இல் தொடங்கிய இலெக்ட்ரோபோன் என்னும் சேவை, நாடக அரங்குகளில் நடப்பதையும் தேவாலயப் பிரசங்கங்களையும் தொலைபேசிக் கம்பிவழியே சந்தாதாரரின் வீட்டுக்குக் கொண்டுவந்தது. கேட்பவர் கருவியை நாடிக்குக் கீழே ஒரு கைப்பிடியால் தாங்கிப் பிடித்துக்கொள்வார். சற்று நேரம் கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிடலாம். எனவே அதன் சொகுசைப் பற்றி எவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வானொலி வந்ததும் அந்தச் சேவை 1925இல் முடிவுக்கு வந்தது. நாள் முழுவதும் மாட்டிக்கொண்டிருக்க நேர்ந்தவர்களே கருவியைத் திருத்தினார்களன்றி, பொழுதுபோக்காகக் கேட்டவர்கள் அல்லர்.

சமையலறையில் பிறந்தது

இன்று நாம் காணும் ஹெட்போனின் உருவத்தைத் தந்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்த இவருக்கு, தம் சமயத்தவரின் பெரிய வழிபாட்டு மண்டபத்தில் நிகழும் பிரசங்கங்கள் சரியாகக் கேட்கவில்லை. நுண்ணிய ஒலியையும் பெரிதாகக் கேட்கச் செய்யும் கருவியொன்றை ஆக்குவதில் அவர் ஈடுபட்டமைக்கு அதுவே தொடக்கம் என்பர்.

1910ஆம் ஆண்டில் அவர் ஒரு சோடிக் கருவியைச் செய்து, ஒரு கடிதத்துடன் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடிதம் நீலமும் இளஞ்சிவப்புமான தாளில் ஊதா மையினால் எழுதப்பட்டிருந்தது. ஏதோ பித்தரின் வேலையென்று அதனைக் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் கடற்படையின் வானொலிப் பிரிவினர் பரிசோதித்துப் பார்த்தனர். அதுவரை தாம் பயன்படுத்தியவற்றைவிட அது பன்மடங்கு நுட்பமாகக் கேட்கச் செய்வதைக் கண்டு வியந்தனர். ஒவ்வொரு கேட்கும் பகுதியினுள்ளும் ஏறத்தாழ ஒரு மைல் நீளமான நுண்ணிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது.

கடற்படையிடமிருந்து வந்த குறை ஒன்றே. ஒலி நன்று, ஆனால் தலையில் மாட்டினால் வசதியாக இல்லை. கடல் நடுவே பல மணிநேரம் காவலிருந்து மெல்லிய மோர்ஸ் ஒலிகளைப் பிரித்தறிய வேண்டிய தந்தியாளரின் தலையைப் பற்றி அவர்கள் யோசித்தார்கள். போல்ட்வின் அதற்கும் ஒரு வழி கண்டார். தோலுறையிட்ட இரண்டு கம்பிகளை வளைத்து, கேட்கும் பகுதிகள் மேலும் கீழும் நகரக்கூடியவாறு பொருத்தினார். ஒவ்வொருவரும் தத்தம் தலைக்கேற்ப அதனைச் சரிசெய்துகொள்ளலாம். இன்று எந்தக் கடையில் எந்த ஹெட்போனை எடுத்து இழுத்துப் பார்த்தாலும் நாம் தொடுவது அந்த யோசனையைத்தான்.

கடற்படை மேலும் வாங்க விரும்பியபோது, தம் வீட்டுச் சமையலறையில் வைத்தே செய்வதால் ஒரு தடவைக்கு பத்துக்கு மேல் தர இயலாது என்று அவர் பதிலெழுதினார். தலைப்பட்டி அமைப்புக்குக் காப்புரிமை பெறுமாறு கூறப்பட்டபோதோ, அது அற்பமான விடயம் என்று அவர் மறுத்துவிட்டதாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னர் வானொலி மோகத்தின் காலத்தில் அவருடைய தொழிற்சாலை பெருத்த வருமானத்தை ஈட்டியது. எனினும் தம் சமயப் பிரிவினர் சிலரோடு கொண்ட தொடர்புகளிலும் முதலீடுகளிலும் செல்வம் கரைந்தது. 1924இல் நிறுவனம் முறிந்தது. பங்கு விற்பனை தொடர்பான மோசடி வழக்கில் அவர் சிறையும் சென்றார். 1961இல் வறியவராகவே மறைந்தார். அவர் அற்பமென்று விட்ட தலைப்பட்டியை உலகமே எடுத்துக்கொண்டது.

கழற்றாமல் இருந்த ஒருவர்

தலையில் கருவி இருப்பதும் இல்லாதிருப்பதும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு 1912 ஏப்ரல் 14ஆம் திகதி இரவைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அன்றிரவு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதற்கு மிக அருகில் நின்ற கலிபோர்னியன் என்னும் கப்பலில் ஒரேயொரு தந்தியாளரே இருந்தார். நீண்ட நாள் வேலையின் பின்னர், மோதல் நிகழ்வதற்குச் சிறிது நேரத்துக்கு முன் அவர் கருவியைக் கழற்றிவிட்டு உறங்கச் சென்றுவிட்டார். அபாய அழைப்பு அக்கப்பலின் காதில் விழவில்லை.

அதைவிடத் தொலைவில் இருந்த கார்பாத்தியாவிலும் தந்தியாளர் ஒருவர்தான். ஹரோல்ட் கொட்டம் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது 21. அவரும் படுக்கைக்குப் போக உடை மாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் முன்னர் அனுப்பிய வேறொரு செய்திக்குப் பதிலை எதிர்பார்த்து ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தார். அந்தச் சில நிமிட நேரத்தில் அவர் டைட்டானிக்கைத் தொடர்புகொண்டபோது கிடைத்தது அபாயச் செய்தி. கார்பாத்தியா விரைந்து சென்று 700க்கும் அதிகமானோரை மீட்டது. இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும் என்ற விதி கடல் பயணச் சட்டங்களில் நுழைந்ததற்கு அந்த இரவே காரணமாயிற்று. அதாவது, ஹெட்போன் தலையில் இடையறாது இருக்க வேண்டிய பொருள் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

கொழும்பும் பளிங்கு வானொலியும்

பொதுமக்களின் கைக்கு ஹெட்போன் வந்து சேர்ந்தது 1920களிலாகும். பிரித்தானியாவில் பி.பி.சி. 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. எமது நாடும் அதிகம் பின்தங்கியிருக்கவில்லை. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராகப் பணியாற்றிய எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுக்களைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்புச் சேவை ஆரம்பமாயிற்று. ஆசியாவின் முன்னோடி வானொலிகளுள் ஒன்றான பிற்கால இலங்கை வானொலியின் தொடக்கம் இதுவே.

அக்காலத்தின் மலிவான வானொலிப் பெட்டி பளிங்கு வானொலி எனப்பட்டது. அதற்கு மின்சாரமோ பற்றரியோ தேவையில்லை. காற்றில் வரும் வானொலி அலையின் வலுவே அதனை இயக்கியது. அந்த வலு மிகமிகச் சொற்பமாதலால் ஒலிபெருக்கியை இயக்க அதனால் முடியாது. ஹெட்போனை மாத்திரமே இயக்கலாம். குடும்பத்தவர் அனைவரும் கேட்க விரும்பினால் ஹெட்போனை ஒரு கிண்ணத்தினுள்ளே வைத்து, அதைச் சுற்றி அமர்ந்து காதைக் கொடுப்பதுண்டு. வால்வு வானொலிகளும் ஒலிபெருக்கிகளும் மலிவானதும் வீடுகளிலிருந்து ஹெட்போன் மறைந்துவிட்டது. மீண்டும் அது தொழிலாளரின் தலைக்கே திரும்பியது.

தொழிலகத்திலிருந்து வரவேற்பறைக்கு

1924இல் பேர்லினில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஓய்கன் பேயர் என்பவர், 1937இல் டி.டி. 48 என்னும் மூடிய ஹெட்போனை வெளியிட்டார். பழையவற்றில் இரும்புத் தகடொன்று மின்காந்தத்தால் இழுபட்டு அதிர்ந்தது. இதிலோ மெல்லிய தகட்டில் ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்தின் இடைவெளியில் அசைந்து ஒலியெழுப்பியது. ஒலிபெருக்கிகளில் ஏற்கெனவே பயன்பட்ட முறையின் சிற்றுருவம் இது. டி.டி. 48 வானொலி நிலையங்களிலும் செவிப்புலன் பரிசோதனைகளிலும் பயன்பட்டு, 2012 வரை உற்பத்தியில் இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் ஒரே பொருள் சந்தையில் நின்றதென்றால், அதனை வாங்கியவர்கள் புதுமையைத் தேடியவர்கள் அல்லர் என்பது தெளிவு.

இசை ரசிகரின் பக்கம் ஹெட்போனைக் கொண்டுவந்த பெருமை அமெரிக்காவின் மில்வோக்கி நகர ஜோன் கொஸ் என்பவரைச் சாரும். 1958இல் நடைபெற்ற ஒலிச்சாதனக் கண்காட்சியொன்றில் அவர் காட்ட விரும்பியது, கையில் எடுத்துச் செல்லத்தக்க இசைத்தட்டுப் பெட்டியை. தனியே கேட்பதற்காக அதனுடன் ஹெட்போனையும் இணைத்திருந்தார். வந்தவர்கள் பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனுக்கே மயங்கினர். ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தன.

அதற்குப் பத்தாண்டுகளின் பின், 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414ஐ வெளியிட்டது. மஞ்சள் நிறக் கடற்பஞ்சு மெத்தையோடு, பின்புறம் திறந்து, பாரமற்றிருந்த அது ஒரு கோடிக்கு மேல் விற்பனையானது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வோக்மனை வெளியிட்டபோது அதனுடன் வந்ததும் ஏறத்தாழ 50 கிராம் நிறையுள்ள, காதின் மேல் தொட்டுக்கொண்டிருக்கும் திறந்த ஹெட்போனே. பாரம் என்ற சிக்கல் தீர்ந்தது. ஆனால் மெர்காதியே கவனித்த மற்றைய விடயம் கைவிடப்பட்டது. வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வந்தது. வீதியின் இரைச்சலை மீறிப் பாட்டைக் கேட்க வேண்டுமாயின் ஒலியைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இளவயதினரின் செவிப்புலன் பற்றிய கவலை பரவலாக எழுந்ததும் அக்காலத்திலேதான்.

மூடிய ஹெட்போன் தொடர்ந்தும் கலையகங்களில் வாழ்ந்தது. அதற்குக் காரணம் எளிமையானது. பாடகரோ அறிவிப்பாளரோ ஒலிவாங்கியின் முன் நிற்கையில் அவரது ஹெட்போனிலிருந்து ஒலி கசிந்தால் அதுவும் பதிவாகிவிடும். 1985இல் சோனியின் எம்.டி.ஆர். வி6 வந்தது. அதே ஆண்டில் பேயர் நிறுவனத்தின் டி.டி. 770 வந்தது. 1991இல் வி6இன் உடன்பிறப்பான எம்.டி.ஆர். 7506 வந்தது. ஜப்பானின் ஓடியோ-டெக்னிக்கா நிறுவனம் 2007இல் ஏ.டி.எச். எம்50ஐயும், 2014இல் அதன் மலிவான தம்பிகளான எம்20எக்ஸ், எம்30எக்ஸ், எம்40எக்ஸ் என்பவற்றையும் வெளியிட்டது.

இவை அனைத்தும் வானொலி நிலையம், படப்பிடிப்பு, ஒலிப்பதிவு ஆகிய இடங்களில் தினமும் எட்டு மணிநேரம் அடிபடுவதற்காகச் செய்யப்பட்டவை. 7506இன் நிறை 230 கிராம் மாத்திரமே. அது நீண்ட காலமாகச் சுமார் 100 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டு வந்திருக்கிறது. வடிவத்தை ஆண்டுதோறும் மாற்றாததும், விளம்பரத்துக்கென்று பெருஞ்செலவு செய்யாததும் விலை கட்டுப்பாட்டில் நின்றமைக்குக் காரணங்கள் எனலாம். அளவான பணத்தோடு வருபவருக்கு வரலாறு விட்டுச்சென்றுள்ள நல்வாய்ப்பு இதுதான்.

எமது சட்டைப்பையும் டொலரும்

இலங்கையில் இருந்துகொண்டு 100 டொலரைச் சிறு தொகை என்று சொல்லிவிட முடியாது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, ஒரே அறையில் மூன்று பிள்ளைகள் மூன்று ஆசிரியர்களைக் கேட்க வேண்டிய நிலையில் ஹெட்போன் பள்ளிக்கூடச் சாமானாகிவிட்டது. அதற்கு அடுத்துப் பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபாவானது. வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் சேர்க்காமலே, 20,000 ரூபாப் பொருள் இரண்டே மாதங்களில் 36,000 ரூபாவாயிற்று. இந்நிலையில் தவறான பொருளை வாங்கிவிட்டு இன்னொன்றை வாங்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகவே எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்பதை வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது, காதைச் சுற்றி அமர்வதா, காதின் மேல் அமர்வதா என்பது. வளர்ந்த ஒருவரின் காது மடல் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் உயரமுடையது. மெத்தையின் உட்துவாரம் அதைவிடப் பெரிதாக இருந்தால் காது உள்ளே சுதந்திரமாக இருக்கும். அழுத்தம் மண்டையோட்டில் விழும். சிறிதாக இருந்தால் காதின் குருத்தெலும்பு நசிபட்டு அரைமணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். நீண்ட நேரம் பயன்படுத்துவோர் முதலாவது வகையையே தேட வேண்டும். உட்புற ஆழத்தையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். காதின் ஓரம் உள்ளேயுள்ள தகட்டைத் தொட்டால் அதுவும் நோவே.

இரண்டாவது, நிறையும் பிடியும். 200 முதல் 270 கிராம் வரை பெரும்பாலோருக்குப் பாரமாகத் தோன்றாது. ஓடியோ-டெக்னிக்கா எம்20எக்ஸ் 190 கிராம்; எம்40எக்ஸ் 240 கிராம்; டி.டி. 770 சுமார் 270 கிராம். எனினும் நிறை மட்டும் போதாது. பிடி தளர்ந்தால் பாரம் முழுவதும் உச்சந்தலையில் விழும். இறுகினால் தாடை மூட்டு நோகும். மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்ணாடியோடு போட்டுப் பார்ப்பது அவசியம். கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுமாயின் அந்த இடைவெளியால் அடித்தொனி கசிந்து போகும். மூடிய ஹெட்போனின் ஒலிநயம் காற்றுப் புகாமல் அமர்வதிலேயே தங்கியிருக்கிறது. ஆதலால் பொருந்தாத விலையுயர்ந்த ஹெட்போனைவிடப் பொருந்தும் மலிவான ஹெட்போன் நன்றாகவே ஒலிக்கும். சொகுசு வேறு, ஒலி வேறு என்று பிரித்துப் பேசுவது மூடிய வகைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, மெத்தை. செயற்கைத் தோல் மெத்தை சத்தத்தை நன்கு அடைக்கும். ஆனால் எமது நாட்டுப் புழுக்கத்தில் வியர்க்கும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். வெல்வெட் போன்ற துணி மெத்தை காற்றோட்டமானது. சற்றுக் குறைவாகவே அடைக்கும். டி.டி. 770இன் மெத்தை இவ்வகையானது. ஆயினும் சுமார் 18 டெசிபல் அளவு வெளிச்சத்தத்தைத் தடுப்பதாக அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். எவ்வகையாயினும் மெத்தையைத் தனியே வாங்கி மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். மாற்ற முடிந்தால் பத்தாண்டு உழைக்கும். முடியாவிட்டால் மெத்தை உரிந்த நாளே ஹெட்போனின் கடைசி நாள்.

நான்காவது, மின்தடை. பெட்டியில் ஓம் என்ற அலகில் குறிக்கப்பட்டிருக்கும். 32 முதல் 60 ஓம் வரையுள்ளவை கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இலகுவாக இயங்கும். டி.டி. 770 ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என வெவ்வேறு வகையாக விற்கப்படுகிறது. 250 ஓம் வகையை வாங்கித் தொலைபேசியில் பொருத்தினால் ஒலி மெலிந்தே வரும். இப்போதைய தொலைபேசிகள் பலவற்றில் ஹெட்போன் துவாரமே இல்லையாதலால், அதற்கான சிறு இணைப்பியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, எதற்குப் பணம் கொடுக்காமல் விடலாம் என்பது. வயரில்லாத ஹெட்போனின் ஆயுள் அதன் பற்றரியின் ஆயுளாகும். மின்னணு முறையில் சத்தத்தை நீக்கும் வசதி விமானப் பயணிகளுக்குப் பேருதவி. விமானிகளுக்காகவே அது முதலில் விற்பனைக்கு வந்தது. ஆனால் குறைந்த விலையில் அதைக் கேட்டால், பணத்தின் பெரும்பகுதி மின்சுற்றுக்கும் பற்றரிக்கும் போய், மெத்தைக்கும் தலைப்பட்டிக்கும் மிச்சமிருப்பது சொற்பமே. மேசையருகே இருந்து வேலை செய்பவருக்கு வயர் ஒரு குறையல்ல. வயரைக் கழற்றி மாற்றக்கூடியதாயின் மேலும் நன்று. எம்40எக்ஸில் முடியும், எம்20எக்ஸிலும் 7506இலும் முடியாது. புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் உலவுவதால், நம்ப முடியாதவாறு விலை குறைந்தவற்றை விட்டு விலகுவதே உத்தமம்.

கடையில் ஹெட்போனை மாட்டிப் பார்ப்பவர் உடனே பாட்டைப் போடச் சொல்கிறார். முதலில் பாட்டில்லாமல் கால்மணி நேரம் தலையில் வைத்திருக்கட்டும். 1910இல் கடற்படை செய்ததும் அதுதான். ஒலியில் குறையில்லாத ஒரு பொருளைத் தலைக்குப் பொருந்தவில்லை என்று அவர்கள் திருத்தக் கேட்டார்கள்.

காதின் கணக்கு

இத்தனை ஆராய்ச்சி ஒரு சாதாரணப் பொருளுக்குத் தேவையா என்று வாசகர் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாதுகாப்பற்ற முறையில் கேட்பதனால் உலகில் 100 கோடிக்கும் அதிகமான இளவயதினரின் செவிப்புலன் ஆபத்தில் இருக்கிறது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்பது அந்நிறுவனம் வகுத்த வரையறை. 90 டெசிபலாயின் 4 மணிநேரம் மாத்திரமே. பத்து டெசிபல் கூடும்போது ஒலியின் சக்தி பத்து மடங்காவதால் நேரம் பத்திலொன்றாகச் சுருங்குகிறது.

மூடிய ஹெட்போனின் உண்மையான பெறுமதி இங்கேதான் வெளிப்படுகிறது. மின்விசிறியும் வீதியும் அயல்வீட்டுத் தொலைக்காட்சியும் ஓரளவு அடைபட்டுவிட்டால், பேச்சையோ பாட்டையோ தாழ்ந்த ஒலியில் வைத்தே தெளிவாகக் கேட்கலாம். பொருந்தாத ஹெட்போனில் சத்தம் உள்ளே வரும். கை தானாகவே ஒலியைக் கூட்டும். செவ்விகளை ஒலிநாடாவிலிருந்து எழுத்தாக்கும் பத்திரிகையாளருக்கும், வாடிக்கையாளர் சேவை நிலையத்தில் இரவு முறை பார்க்கும் பிள்ளைக்கும், நாளெல்லாம் பாடம் கேட்கும் மாணவருக்கும் இது பொருந்தும். அதேவேளை அடைத்த காதுடன் வீதியில் இறங்குவது வேறு கதை. ஹெட்போனுடன் ரயில் பாதையில் நடந்து உயிரிழந்தவர்கள் பற்றிய செய்திகள் எமது பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. சத்தத்தை அடைக்கும் கருவி, வரும் ரயிலின் சத்தத்தையும் அடைத்துவிடும்.

ஹெட்போனின் மெத்தை உரிந்தால் புதியதைப் போடலாம். வயர் அறுந்தால் ஒட்டலாம். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 அளவிலேயே இருக்கின்றன. அழிந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்போனுக்கென்று பிள்ளைக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், எத்தனை ரூபா என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், அதைப் பிள்ளையின் தலையில் வைத்து, காதைச் சுற்றி ஒழுங்காக அமர்கிறதா என்று ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.